மேலிருந்து பார்த்தால் எது காடு?

கேள்வி: தென்னை இவ்வளவு, காடு இவ்வளவு, தரிசு இவ்வளவு என்று பத்திரிகைகளில் கணக்கு வருகிறது. ஆகாயத்திலிருந்து படம் பிடித்து ஒரு நாட்டின் நிலத்தையே இப்படி வகைபிரிக்கும் வழக்கம் எங்கே, எப்போது தொடங்கியது?
– வாசகர் ஒருவர், உடுமலைப்பேட்டை

பதில்: உடுமலைப் பக்கம் ஒருவர் காலையில் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, "காட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்" என்று கிளம்பினால், ஆனைமலைப் புலியைப் பார்க்கப் போகிறார் என்று அர்த்தமில்லை. மழையை நம்பிச் சோளமோ கொள்ளோ விதைத்த மேட்டு நிலம்தான் அவருக்குக் காடு. கிணறோ போரோ இருந்து தண்ணீர் பாய்ந்தால் அதே மண் தோட்டம். அமராவதித் தண்ணீரில் நெல் விளைந்தால் வயல். வாசகர் கேட்ட கணக்குக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒரு வழக்கு உண்டு. அது கடைசியில் வரும்.

ஆகாயத்துக்குப் போகுமுன் தரையிலேயே இந்தக் கணக்கு இருந்தது. கர்ணம் காலத்திலிருந்து இன்றைய வி.ஏ.ஓ. வரை புல எண் வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று எழுதிவரும் அடங்கல்தான் அது. ஜூலை 1ஆம் தேதி பசலி பிறந்தால் புதுக் கணக்கு. அடங்கலில் இருப்பது எழுத்து மட்டும்தான், படம் கிடையாது. 1930களில் பிரிட்டனில் டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியல் பேராசிரியர் அதைப் படமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் கையில் வரைபடத் தாளைக் கொடுத்து, வயல் வயலாக நடந்துபோய்ப் புல்வெளியா, உழவு நிலமா, தோப்பா என்று குறித்துவரச் சொன்னார். நாட்டின் நிலப் பயன்பாட்டு வரைபடம் பிள்ளைகளின் கால் நடையில் உருவானது.

அதற்கு முன்பே காமிரா மேலே போய்விட்டது. 1858இல் பாரிசுக்கு அருகே நாடார் (நம்மூர்ப் பெயர் அல்ல, பிரெஞ்சு நிழற்படக்காரர் ஒருவரின் புனைபெயர்) பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. இருப்பவற்றில் பழையது 1860இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு மேலே எடுத்தது. பிறகு ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் குட்டிக் காமிராவைக் கட்டிப் பறக்கவிட்டார். முதல் உலகப் போர் வந்ததும் விளையாட்டெல்லாம் முடிந்தது. எதிரியின் பதுங்குகுழியைப் படத்தில் தேடுவதே தனி உத்தியோகம் ஆயிற்று.

போர் முடிந்ததும் அந்த வித்தையைத் தேடி வந்தவர்களில் வனத்துறையினர் முக்கியமானவர்கள். 1924இல் ஐராவதி ஆற்று முகத்துவாரத்துச் சதுப்புக் காடுகளை விமானத்திலிருந்து படமெடுத்தார்கள். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இடுப்பளவு சேற்றில் சங்கிலி பிடித்து அளப்பதைவிட மேலே பறப்பது சுலபமாக இருந்தது.

ஒரு நாடு முழுவதையும் இப்படிப் பார்த்த கதைக்கு நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் இலங்கை. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு 1956இல் தீவு முழுவதும் படமெடுக்கப்பட்டது. வேலையைச் செய்தது கனடாவின் ஹண்டிங் சர்வே கார்ப்பரேஷன்.

படத்தின் அளவு 1:40,000. அதாவது படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 400 மீட்டர். ஒரு ஹெக்டேர் நிலம் இரண்டரை மில்லிமீட்டர் சதுரமாக, ஒரு மிளகை விடச் சிறிதாகத் தெரியும். நம்மூர்த் தென்னை ஒன்றின் கொண்டையை அதில் தேடினால் 0.2 மில்லிமீட்டர் புள்ளிதான். இதை எப்படிப் படிப்பது? விமானம் நூல் பிடித்ததுபோல் நேர்கோட்டில் போகும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் சுமார் 60 சதவீதம் ஒரே இடமாக இருக்கும்படி காமிரா சொடுக்கும். அந்த ஜோடியை ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்த்தால், இரண்டு கண்ணுக்கும் வேறுவேறு கோணம் கிடைத்து, தட்டையான காகிதத்திலிருந்து மலை எழுந்து நிற்கும். மரத்தின் உயரம் தெரியும். மற்றதெல்லாம் பழக்கம். அடர்காடு பூக்கோசின் மேற்பரப்புபோல் முடிச்சு முடிச்சாக இருக்கும். தண்ணீர் கறுக்கும். இலங்கையில் சேனை என்று சொல்லும் இடம்மாறு சாகுபடிக்காகக் காட்டை வெட்டி எரித்த இடம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி வெளிறிக் கிடக்கும். மனிதன் நட்ட தோப்பு வரிசை தப்பாமல் நிற்பதால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் ஆள் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும்.

வனக் கணக்கெடுப்பு அறிக்கை 1961இல் வெளியானது. தீவில் 44 சதவீதம் காடு என்றது. அந்த எண்ணின் அருமை பின்னால்தான் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் திரும்பக் கணக்கெடுத்தபோது அது 24 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. 1956 படம் இல்லாவிட்டால் இழந்தது எவ்வளவு என்று சொல்ல ஒப்பிடுவதற்கே ஒன்று இருந்திருக்காது.

இந்தியாவில் 1965இல் வன வளங்களின் முதலீட்டுக்கு முந்தைய ஆய்வு என்ற பெயரில், ஐ.நா. உதவியோடு, விமானப் படங்களை வைத்துக் காட்டுக் கணக்கு தொடங்கியது. காகித ஆலைக்கும் பலகைக்கும் மரம் எங்கே இருக்கிறது என்பதே அப்போதைய கவலை. அடுத்த ஆண்டு, படம் படிக்கக் கற்றுத்தர டேராடூனில் நெதர்லாந்து ஒத்துழைப்புடன் ஒரு பள்ளியே திறந்தார்கள். இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் அதன் வாரிசு. ஆனால் அப்போது விமானப் படம் என்றாலே இங்கே ராணுவ ரகசியம். எடுக்க அனுமதி, பார்க்க அனுமதி என்று கோப்புகள் பறந்த அளவுக்கு விமானங்கள் பறக்கவில்லை.

உடுமலை வாசகருக்கு நெருக்கமான சங்கதி 1970 வாக்கில் நடந்தது. கேரளத் தென்னையில் வேர் வாடல் நோய். 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்டது, தோப்பு தோப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. ஓலை துவண்டு மட்டை வளைந்த பிறகுதான் விவசாயிக்கு விஷயமே தெரியவரும். பி.ஆர். பிஷாரொட்டி என்ற வானிலை விஞ்ஞானி, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் அந்தத் தோப்புகளைப் படமெடுக்க ஏற்பாடு செய்தார்.

அந்தச் சுருள் இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்தது. வெட்டிப்போட்ட தழையால் பீரங்கியை மூடி மறைத்தால் வெறும் கண்ணுக்குப் பச்சையாகத்தான் தெரியும். உயிருள்ள இலையோ நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வாரித் திருப்பியடிக்கும். படத்தில் அது ரத்தச் சிவப்பாக விழும், செத்த தழை வெளிறிவிடும். பீரங்கியைக் காட்டிக்கொடுத்த அதே சூட்சுமம் தென்னையின் சீக்கையும் காட்டிக்கொடுத்தது. இந்தியத் தொலையுணர்வுத் துறையின் கதை இந்தத் தென்னந்தோப்பில்தான் தொடங்குகிறது என்பார்கள். பிஷாரொட்டியை அத்துறையின் தந்தை என்பதும் அதனால்தான். அவர் பிறந்த ஊர் கொல்லங்கோடு. உடுமலையில் மேற்கே ரயில் ஏறினால் பொள்ளாச்சியைத் தாண்டி அதே பாதையில் வரும். அந்த நோயும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிறகு செயற்கைக்கோள் காலம். 1981இல் உருவான இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987இல் முதல் அறிக்கையை அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து வெளியிட்டது. அதில் 400 ஹெக்டேருக்குக் குறைந்த எந்தத் துண்டும் கணக்கில் ஏறவில்லை. 1988இல் நம் சொந்த ஐ.ஆர்.எஸ்-1ஏ மேலே போனது. இன்று ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், வரை பிரிக்கிறார்கள்.

இப்போது அந்தக் 'காடு' வழக்குக்கு வரலாம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரநிழல் 10 சதவீதத்துக்கு மேல் கவிந்திருந்தால் அது வனப் போர்வை என்பது வன ஆய்வு நிறுவனத்தின் இலக்கணம். நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வி அதில் இல்லை. பட்டா நிலத்துத் தென்னந்தோப்பும் அதற்குள் வரும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத் தண்ணீர் வந்த பிறகு சோளக் காட்டை அழித்துத் தென்னை வைத்தவரின் நிலம், அடங்கலில் புஞ்சையாக, அவர் வாயில் தோட்டமாக, வானத்துக் கணக்கில் வனப் போர்வையாக இருக்கக்கூடும். பக்கத்தில் இன்னும் மழையை எதிர்பார்த்துக் கொள்ளு விதைப்பவர் "எங்க காடு" என்று சொல்கிற நாலு ஏக்கர் மட்டும் அந்த வரைபடத்தில் காடாக இல்லை.