ஒரு கட்டிலில் இரு மரம்

வீட்டில் கல்யாணம் நிச்சயமாகித் தச்சரை அழைத்துக் கட்டிலும் அலமாரியும் செய்யச் சொல்லும் வேளையில், பொன்னிறத் தேக்கின் நடுவே கருஞ்சிவப்பான ஈட்டிப் பட்டையை ஓடவிட்டால் எத்தனை அழகாயிருக்கும் என்று இளையவர்கள் ஆசைப்படுவதும், ஒரே கட்டிலில் இரண்டு மரங்களைக் கலப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் தடுப்பதும் நம் வீடுகளில் உண்டு. பெரியவர்களின் சொல்லை அலட்சியம் செய்யலாகாது. ஆயினும் சாஸ்திரத்தையே புரட்டிப் பார்த்தால் அது வேறு விதமாகப் பேசுகிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில், படுக்கை ஆசனங்களின் லட்சணத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. ஒரே மரத்தாலான கட்டில் நன்மை தரும் என்றும், இரு மரங்களாலானது அதனினும் நன்மை தரும் என்றும், மூன்றும் நான்குங்கூடப் புத்திர விருத்தியும் பொருளும் புகழும் அளிக்கும் என்றும் கூறி, ஐந்தும் அதற்கு மேலும் கலந்தால்தான் கேடு என்று அவர் எல்லை வகுக்கிறார். பலன்களை நம்புவது அவரவர் விருப்பம். இரு மரக் கட்டிலுக்கு அந்நூலில் பொதுவான தடையில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதைக் காட்டிலும் ஆழமாக வேரூன்றியது, ஜாதி வேறான இரு மரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகமாட்டா, நாளடைவில் ஒன்றை மற்றொன்று பிளந்துவிடும் என்னும் நம்பிக்கை. பிளந்த கட்டில்களைக் கண்ணால் கண்டவர்கள் சொல்வதாகையால் இதைத் தள்ளிவிட முடியாது. கண்டது மெய்தான், அதற்குக் காட்டும் காரணம்தான் பிழை. எவ்வளவு நன்றாகப் பதப்படுத்திய மரமும் காற்றிலுள்ள ஈரத்தை மழைக்காலத்தில் வாங்கிக்கொண்டும் கோடையில் விட்டுக்கொண்டும் இருப்பது அதன் சுபாவம். அதனால் அது அகலவாக்கில் விரிந்து சுருங்குமேயன்றி, நெடுக்குவாக்கில் அநேகமாக அசைவதில்லை. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் தேக்கு ஏறத்தாழ 5 சதவீதமும் ஈட்டி ஏறத்தாழ 6 சதவீதமும் சுருங்குகின்றன; மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் இரண்டுமே அதில் பாதியளவுதான்; நெடுக்கிலோ 1 சதவீதத்தில் ஐந்திலொரு பங்குகூடத் தேறுவது அரிது. ஆகவே தேக்குக்கும் ஈட்டிக்கும் உள்ள வேற்றுமையைவிட, ஒரே தேக்குப் பலகையின் அகலத்துக்கும் நெடுக்குக்கும் உள்ள வேற்றுமை பன்மடங்கு பெரியது. விரோதம் மரத்துக்கும் மரத்துக்கும் அன்று. இழையோட்டத்துக்கும் அதன் குறுக்கே போகும் இழையோட்டத்துக்கும்தான்.

தலைமாட்டை எடுத்துக்கொள்வோம். இழை கிடையாக ஓடும் இரண்டடி அகலத் தேக்குப் பலகையின்மேல், அழகுக்காக ஈட்டிச் சட்டமொன்றைச் செங்குத்தாக வைத்து, அடிமுதல் நுனிவரை பசை தடவித் திருகாணியும் முடுக்கிவிடுகிறார்கள் என்று கொள்வோம். ஐப்பசி மழையில் செய்த கட்டில் சித்திரை வெயிலைக் காணும்போது, மரத்தின் ஈரம் 5 சதவீதம் இறங்கினாலும் அந்தப் பலகை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறுகவேண்டும். நெடுக்கில் குறுகாத ஈட்டிச் சட்டம் அதை விடுவதில்லை. ஆகவே பலகை ஓர் இரவில் படாரென்று வெடிக்கிறது. பழியோ ஈட்டியின் தலையில் விழுகிறது. அவ்விடத்தில் தேக்குச் சட்டத்தையே அறைந்திருந்தாலும் அதேதான் நேர்ந்திருக்கும். பரிகாரம் எளிது. சட்டத்தில் காடி வெட்டிப் பலகையைப் பசையின்றி அதில் மிதக்கவிட வேண்டும்; மேலே பொருத்துவதானால் நடுவில் மட்டும் இறுக்கி, இரு முனைகளிலும் திருகாணித் துளையை நீளவாக்கில் அகட்டிவிட வேண்டும்; அல்லது இரு மரங்களின் இழையும் ஒரே திசையில் ஓடுமாறு அமைத்துவிட வேண்டும். இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் முதிரையும் கருங்காலியும் கலந்து செய்த பெட்டகங்கள் இன்றும் இருக்கின்றன. மைசூரில் ஈட்டிப் பலகையில் பல வர்ண மரத்துண்டுகளைப் பதிக்கும் கலையும் வாழ்கிறது. மெல்லிய துண்டுக்குத் தன்னைத் தாங்கும் பலகையை இழுக்கும் வலிமை இல்லை.

ஈட்டியிலும் தேக்கிலும் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுப்பசை பிடிக்காது என்பதும் பாதி உண்மையே; இழைப்புளியால் புதிதாகச் சீவிய முகத்தில் அன்றே ஒட்டினால் பிடிக்கும்.

வர்ணத்தைப் பற்றிய ஏமாற்றமும் சொல்லத்தக்கது. செய்த நாளில் கண்ட நிறவேற்றுமை என்றும் நிலைக்கும் என்று எண்ணுகிறோம். புதிதாய் அறுத்த பலா மஞ்சளாயிருந்து, காலக்கிரமத்தில் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறிச் சிவந்துவிடுகிறது. பச்சைச் சாயலும் கருவரியுமாகத் தோன்றும் தேக்கு பொன்பழுப்பாய் ஒருமுகப்படுகிறது. ஈட்டியின் ஊதாச் சாயல் மங்கிப் பழுப்பாகிறது. பலாவையும் தேக்கையும் இணைத்தவர் சில ஆண்டுகளில் இரண்டும் நெருங்கிவரக் காண்பார். தேக்கும் ஈட்டியுமோ எத்தனை காலமானாலும் தனித்தே தெரியும். மெருகெண்ணெயும் வார்னிஷும் இம்மாற்றத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுப்பதில்லை. ஈரத்தின் போக்குவரவுக்கும் இதுவே விதி.

தேக்கைக் கறையான் தொடாது என்பது வைரத்துக்கு மட்டும் பொருந்தும். விளிம்பிலுள்ள வெளிர்நிற மரத்தைக் கறையானும் தின்னும், உளுவும் துளைக்கும். அவ்வெளிர்நிறத்தையே இன்னொரு மரம்போல் அலங்காரத்துக்குப் பயன்படுத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. மரத்தூள் இயற்கைப் பொருள், தீங்கற்றது என்ற எண்ணமும் கைவிடத்தக்கது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-இலேயே அதைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறது. பட்டறையில் முகக்கவசம் அவசியம்.

ஈட்டியை உள்ளடக்கிய தால்பெர்ஜியா பேரினம் முழுவதும் அழிவு அச்சத்தால் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆதலால் இரு மரக் கட்டில் செய்ய விரும்புவோர் புதுமரத்தைத் தேடுமுன், காரைக்குடியின் பழம்பொருட் கடைகளிலும், இடிபடும் பழைய வீடுகளின் மரங்களிலும் ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டுகிறேன். தச்சருக்கு முன்பணம் கொடுக்குமுன், குறுக்கே வரும் சட்டத்தை எப்படிப் பொருத்தப்போகிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.