ஹீட்டர் போட்ட மீன் தொட்டிக்கு மூடி

ஃபைட்டர் மீன் நன்றாகத் துள்ளும், மூடி கட்டாயம். நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன் இது. மூடிக்கடியில் தங்கும் வெதுவெதுப்பு அதற்கு நல்லது. நீரும் சீக்கிரம் வற்றாது. நீர் குறைந்து வெளியே தெரியும் ஹீட்டர் வெடிக்கக்கூடும்.

மெல்லிய அக்ரிலிக் ஈரத்தில் வளைந்துவிடும், வேண்டாம். 4 மி.மீ. கண்ணாடியை அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்தே வாங்குங்கள். ஒயருக்கும் காற்றுக்கும் பின்மூலையைச் சிறிதாக வெட்டச் சொல்லுங்கள். ஒயர் மூடிக்கடியில் நசுங்கவே கூடாது! அதைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது.

தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். நீர் மாற்றுவதென்றால் ஹீட்டர் ஆற 15 நிமிடமாவது பொறுங்கள்.