முகவரியில் 13200 இருக்கட்டும்

பட்டர்வொர்த்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. கெப்பாலா பத்தாஸில் தையற்கடை திறந்துவிட்டாய், எஸ்எஸ்எம் வணிகப் பதிவும் கைக்கு வந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்தது. கடையை நூறு இணைய டைரக்டரிகளில் சேர்த்துத் தருவதாக யாரோ உன்னிடம் கட்டணம் கேட்கிறார்கள் என்றும் சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். நூறு வேண்டாம் அம்மா. உன்னால் பார்த்துக்கொள்ள முடிகிற மூன்று நான்கு போதும். ஆனால் அவற்றில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நீ நின்று காப்பாற்றக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். கெப்பாலா பத்தாஸ் இரண்டு இருக்கின்றன. அலோர் ஸ்டார் விமான நிலையம் இருக்கிற இடத்துக்கும் அதே பெயர்தான்; அது கெடாவில், இங்கிருந்து வடக்கே சாலை வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல். கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண் வேஸ் வழிகாட்டியைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றால், திட்டு உனக்குத்தான் விழும். ஆகவே எங்கே முகவரி எழுதினாலும் 13200 என்ற அஞ்சல் குறியீடும் பினாங்கு என்ற மாநிலப் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். வரைபடத்தில் குறி உன் கடை வாசலிலேயே விழுகிறதா என்று கூகுள் மேப்ஸ், வேஸ் இரண்டிலும் பார். பக்கத்து வரிசைக் கடைக்குப் பின்னால் குத்தியிருந்தால் அன்றைக்கே நகர்த்திவிடு.

அடுத்தது பெயர். எஸ்எஸ்எம் சான்றிதழில் என்ன பெயரோ, பலகையில் என்ன பெயரோ, அதையே போடு. "மலிவு விலை, சிறந்த தையல், பினாங்கு" என்று பெயரோடு ஒட்டினால் தேடலில் முன்னால் வரலாம் என்று சிலர் சொல்வார்கள். கூகுளின் விதி அதை அனுமதிப்பதில்லை. யாராவது புகார் செய்தால் பதிவே முடங்கிப்போகலாம். கடை வகையைத் தேர்ந்தெடுக்கும்போது 'தையற்கடை' என்பதையே முதல் வகையாக வை. 'துணிக்கடை' என்று போட்டால் சேலை வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். பெயர், முகவரி, எண், நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்து, எல்லா இடத்திலும் அதைப் பார்த்தே நிரப்பு. ஓரிடத்தில் போட்ட எண் பல தளங்களுக்குப் பரவிவிடும். அதனால் உன் சொந்த எண்ணைக் கொடுக்காமல், கடைக்கென்று தனி எண் வாங்கிக்கொள்.

கூகுளில் பதிவு செய்யக் காசு கிடையாது. 2014இல் 'கூகுள் மை பிஸ்னஸ்' என்று வந்தது, 2021இல் 'கூகுள் பிஸ்னஸ் புரொஃபைல்' என்று பெயர் மாறியது. பழைய வழிகாட்டிகளைப் படித்துக் குழம்பாதே. கடை உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்க, தெரு, பலகை, உள்ளே தையல் மெஷின், பூட்டைத் திறப்பது எல்லாம் தெரிய ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லிக் கூகுள் கேட்கலாம். அதை நீயே எடு. கணக்கு உன் ஈமெயிலில்தான் இருக்க வேண்டும். உதவிக்கு வருகிற பையனை 'மேலாளர்' என்று சேர்க்கலாம். உரிமையாளர் இடத்தை யாருக்கும் கொடுக்காதே.

டைரக்டரி எப்படி மாறிவிட்டது பார். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வந்த முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே தாள்தான். அதில் இருந்தவர்கள் ஐம்பது பேர். நம் காலத்து மஞ்சள் பக்கங்களோ தலையணை கனம். எண் தப்பாக அச்சானால் அடுத்த பதிப்பு வரும்வரை தப்புதான். இப்போது நிமிடத்தில் திருத்திவிடலாம். ஆனால் உன்னைப் போலவே மற்றவர்களும் திருத்தம் சொல்லலாம். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று யாரோ ஒருவர் குறித்துவிட்டால், நீ உள்ளே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போதே ஊரார் கண்ணுக்குக் கடை இருக்காது. ஆகவே மாதம் ஒருமுறை வாடிக்கையாளர்போல் உன் கடையை நீயே தேடிப் பார்.

நேரத்தைப் போடும்போது கெடாவையும் நினைத்துக்கொள். மூடா ஆற்றைத் தாண்டினால் அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கை பட்டாணிப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதான் தோது. நீ அன்றைக்குத் திறந்திருந்தால் அதைத் தெளிவாகப் போடு. தைப்பூசம், பொங்கல் போன்ற நாள்களுக்குச் சிறப்பு நேரம் குறிக்கத் தனி இடம் இருக்கிறது, விடாமல் நிரப்பு.

"கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் பதிவு போய்விடும்" என்று அழைப்பு வரும். வைத்துவிடு. 'விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடவும்' என்று பாரம் அனுப்பி, பொடி எழுத்தில் ஆண்டுக் கட்டணத்தை ஒளித்துவைப்பவர்களும் உண்டு. வங்கியிலிருந்து வரும் டேக் என்ற ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997க்கும் அழை. தாமதித்தால் மீட்பது கடினம்.

விமர்சனம் வேண்டுமென்றால் தைத்ததை வாங்கிப் போகிறவரிடம் வாய்விட்டுக் கேள். பத்து வெள்ளி கழிவு தருகிறேன் என்று பேரம் பேசாதே. அதுவும் விதிக்கு விரோதம். குறை எழுதினால், பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று இரண்டு வரி மரியாதையாக எழுது. படிக்கிறவர்கள் அந்தக் குறையைவிட உன் பதிலைத்தான் எடைபோடுவார்கள்.

தீபாவளி நெருக்கத்தில் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புது ஆர்டர் எந்தத் தேதியோடு நிற்கும் என்பதை ஒரு மாதம் முன்பே பதிவில் போட்டுவிடு. அந்தத் தேதிக்குப் பிறகு மாமியே வந்து கேட்டாலும் துணியை வாங்காதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா