கூத்தரின் அணிகலப் பெட்டி

திருவண்ணாமலை என்றதும் அண்ணாமலையார் கோவிலும் கார்த்திகைத் தீபமும் நினைவுக்கு வரும். அம்மாவட்டத்தின் செய்யாற்றுப் பகுதியிலுள்ள புரிசை என்னும் சிற்றூரோ, தம்பிரான் குடும்பத்தார் தலைமுறைகளாக ஆடிவரும் தெருக்கூத்தால் புகழ்பெற்றது. இத்தகைய கூத்துக் குழுக்களின் முதன்மையான உடைமை, வேட அணிகலப் பெட்டி.

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலியன அப்பெட்டியில் இருக்கும். பொன்னணி போலத் தோன்றும் இவை மரத்தால் ஆனவை. கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டுவர். வேடம் புனைந்தவர் விடியும்வரை பாடிச் சுழன்றாட வேண்டும்; கனத்த மரமாயின் கழுத்தும் தோளும் தாங்கா. கண்ணாடிச் சில்லுகளும் வெறும் அழகுக்காக அமைந்தவையல்ல. தீப்பந்தத்தின் அசையும் ஒளியை வாங்கிச் சிதறி, கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் துரியோதனனை அரசனாகக் காட்டியவை அவையே. மின்விளக்கு வந்தபின் அவற்றின் பணி பாதியாகச் சுருங்கிவிட்டது.

இவ்வணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். அரசரும் வீரருமே கட்டை அணிவர். பெண் வேடத்திற்கும் கட்டியங்காரனுக்கும் அது இல்லை. கலைக்கே 'கட்டைக்கூத்து' என்னும் பெயரும் இதனால் வழங்குகிறது. 1990இல் காஞ்சிபுரத்தில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் அப்பெயரையே ஏற்றது. ஆடும் இடத்தால் அன்றி, அணியும் கட்டையால் தம் கலை அறியப்படுவதையே பெருமையாகக் கருதும் கலைஞர் பலர்.

இத்தொகுப்பின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதுதல் எளிதன்று. திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக்கூத்து பல இரவுகள் தொடர்ந்து நடைபெறும். வியர்வையிலும் பனியிலும் தாள் உரியும், சில்லு உதிரும், மரம் பிளக்கும். உடனே செப்பனிட்டால்தான் மறுநாள் ஆட்டம் உண்டு. மிகப் பழைய கிரீடத்தைத் தேடிச் செல்பவர் ஏமாறக்கூடும். அங்கே பழமையானது பொருளன்று, அதன் அளவும் வடிவுமே. ஏட்டில் எழுதப்படாத அவ்வளவுகள் செய்பவர் கையிலேயே தங்கியுள்ளன.

1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழியாகப் புரிசைக் கூத்து நகர நாடகக் கலைஞரையும் ஈர்த்தது. நகர மேடையில் ஒரு மணி நேரக் காட்சிக்கும் கட்டை முழுமையாகவே கட்டப்பட வேண்டும். அதனைத் தாமே கட்டிக்கொள்ளல் அரிது. கயிற்றை இறுக்கினால் மூச்சு முட்டும். தளர்த்தினால் முதற்சுழற்சியிலேயே கட்டை நழுவும். கிரீடத்தை அருங்காட்சியகம் காத்துவைக்கலாம். அக்கயிற்றை எவ்வளவு இறுக்குவது என்பதை, பல இரவுகள் உடனிருந்து கட்டிவிட்டவரே அறிவார்.