பசிபிக் தீவுகள் கேட்கும் ஹக்



இந்த மாதப் பாடத்தைப் படிக்கும்போது பிள்ளைகளின் பள்ளி அட்லஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலைக் கிழக்கேயும் வடகிழக்கேயும் நகர்த்தினால், நீலக் கடலில் சில பெயர்கள் தெரியும். வனுவாட்டு, ஃபிஜி, துவாலு, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள். பல அட்லஸ்களில் நிலத்தைவிடப் பெயரின் எழுத்துகள்தான் பெரிதாக இருக்கும். அந்தப் புள்ளிகளில் வாழும் மக்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்திடம் ஒரு கணக்குக் கேட்டு வருகிறார்கள். அது என்ன கணக்கு, அதை எப்படிக் கேட்டார்கள், என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்கு இதில் ஒரு தனி அக்கறை இருக்கிறது. வெள்ளம், புயல் என்றால் அரிசியும் போர்வையும் பணமும் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அது ஸதகா. மனமுவந்து கொடுப்பது. இன்னொரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக் கழிவுநீரை நம் வீட்டுக்குள் திருப்பிவிடுகிறார். நம் அரிசி மூட்டை நனைந்து நாசமாகிறது. பிறகு அவரே இரண்டு படி அரிசியைத் தர்மமாகக் கொண்டுவந்து நீட்டுகிறார். நாம் என்ன சொல்வோம்? "தர்மம் இருக்கட்டும். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், நனைந்த மூட்டைக்குப் பதில் சொல்லுங்கள்" என்போம். அப்படிக் கேட்பது நம் ஹக். பசிபிக் தீவினர் பேசுவது இந்த இரண்டாவது கணக்கைப் பற்றித்தான்.

முதலில் பாதிப்பு என்னவென்று புரிந்துகொள்வோம். துவாலுவை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது தீவுகள், மொத்த நிலம் சுமார் 26 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 11,000 பேர். பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உயரம்தான். மலை இல்லை, ஆறு இல்லை. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். பவளத் தீவின் மண்ணுக்கு அடியில், உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர் மிதந்துகொண்டிருக்கும். அந்த நன்னீர் எட்டும் வரை குழி வெட்டி, இலை தழைகளைப் போட்டு மக்கவைத்து, 'புலாக்கா' என்ற கிழங்கைப் பயிரிடுவார்கள். நம் சேப்பங்கிழங்குக்கு உறவு என்று சொல்லலாம். கடல் பொங்கி அந்தக் குழிக்குள் உப்பு இறங்கினால் கிழங்கு அழுகிப்போகும். குழி மறுபடி தேறப் பல காலம் ஆகும். சில குழிகள் தேறுவதே இல்லை.

'தீவுகள் மூழ்குகின்றன' என்று செய்திகளில் ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. துவாலுவின் பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 1971-க்கும் 2014-க்கும் இடையே அந்நாட்டின் நிலப்பரப்பு சுமார் 3 சதவீதம் கூடியிருக்கிறது என்று காட்டியது. அலைகள் பவளத் துகளையும் மணலையும் ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் ஒதுக்குகின்றன. இதைக் காட்டி, ஆபத்தே இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் வீடும் கிணறும் தோட்டமும் இருந்த இடத்தில் உப்பு நீர் வந்துவிட்டால், தீவின் வேறொரு ஓரத்தில் மணல் சேர்ந்ததால் அந்தக் குடும்பத்துக்கு என்ன லாபம்? மண் மிஞ்சினாலும் குடிநீர் மிஞ்சவேண்டுமே.

இந்தக் கடலை உயர்த்தியது யார்? நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிவதால் வரும் புகை பூமியைச் சூடாக்குகிறது. சூட்டில் கடல்நீர் விரிகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன. உலகம் வெளியிடும் இந்த வாயுக்களில் மேலே சொன்ன ஐந்து நாடுகளின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட வராது.

கேட்கத் தொடங்கிய கதைக்கு வருவோம். 1989 நவம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் சிறு நாடுகளின் மாநாடு ஒன்று கூடியது. கடல் மட்டம் உயர்வதைப் பற்றி மட்டுமே பேசக் கூடிய மாநாடு அது. மறு ஆண்டு ஜெனீவாவில் 'சிறு தீவு நாடுகள் கூட்டணி' உருவானது. அதன் முதல் தலைமை வனுவாட்டுவிடம் வந்தது. உலகப் பருவநிலை ஒப்பந்தத்தின் வாசகம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த 1991-ல், வனுவாட்டு கூட்டணியின் சார்பில் ஒரு யோசனை வைத்தது. தொழில்வள நாடுகள் தங்கள் வருமானத்துக்கும் வெளியிடும் புகைக்கும் ஏற்ப ஒரு பொது நிதியில் பணம் கட்டவேண்டும். கடல் ஏறி நஷ்டப்படும் தாழ்ந்த நாடுகளுக்கு அதிலிருந்து ஈடு தரவேண்டும். ஒரு காப்பீட்டுத் திட்டம் போல. பணக்கார நாடுகள் ஏற்கவில்லை. 1992-ல் ஒப்பந்தம் வந்தபோது 'காப்பீடு' என்ற ஒரு சொல் மட்டும் ஒரு பிரிவின் நடுவே தங்கியது.

இவர்களிடம் பெரிய படைபலமும் இல்லை, பணபலமும் இல்லை. பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற வழக்கம் இருக்கிறது. ஆகவே சின்ன நாடு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஒரே பிடியை வைத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று வாதாடினார்கள்.

அப்படி வாதாடியவர்களில் மார்ஷல் தீவுகளின் டோனி டிப்ரம் முக்கியமானவர். 1954 மார்ச் 1 அன்று, ஒன்பது வயதுச் சிறுவனாகத் தாத்தாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது வானம் முழுதும் சிவந்ததைப் பார்த்தவர் அவர். தொலைவில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு அது. 1946 முதல் 1958 வரை அந்தத் தீவுகளில் அமெரிக்கா 67 அணு வெடிப்புகளை நடத்தியது. பிற்காலத்தில் அதற்கென அமைந்த தீர்ப்பாயம் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்ட ஈடு விதித்தது. நிதியில் பணம் இல்லாததால் மிகச் சிறு பகுதிதான் மக்கள் கைக்கு வந்தது. தீர்ப்பில் எழுதிய தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு என்பதை அந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் பெரிய நாடுகள் 2 டிகிரி வெப்ப உயர்வை எல்லையாகப் பேசின. அந்த எல்லை தங்களைக் காப்பாற்றாது, 1.5 டிகிரி வேண்டும் என்று தீவு நாடுகள் நின்றன, அன்று எடுபடவில்லை. 2015 பாரிஸ் மாநாட்டுக்கு முன்பே டிப்ரம் ஒவ்வொரு நாட்டு அமைச்சரையும் தனித்தனியே சந்தித்துப் பேசி, பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் கலந்த ஓர் அணியைச் சேர்த்தார். கடைசியில் நூறு நாடுகளுக்கும் மேல் அதில் சேர்ந்தன. இறுதி நாளில் சட்டையில் தென்னை ஓலைக் கீற்றைக் குத்திக்கொண்டு அரங்கத்துக்குள் நடந்தார்கள். 1.5 டிகிரி ஒப்பந்தத்தில் ஏறியது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். இழப்பு, சேதம் பற்றிய பிரிவை வைத்து யாரும் பொறுப்பு என்றோ நஷ்ட ஈடு என்றோ கேட்க முடியாது என்று பாரிஸ் முடிவுகளின் 51-ஆம் பத்தியில் எழுதப்பட்டது. 1991-ல் கேட்ட கணக்கின் மேல் ஒரு பூட்டு. தீவினர் அங்கேயும் கவனமாக இருந்தார்கள். மார்ஷல் தீவுகள், நவ்ரு, துவாலு போன்ற நாடுகள் ஒப்பந்தத்தை உறுதிசெய்தபோது, 'இதனால் சர்வதேசச் சட்டப்படி எங்களுக்குள்ள உரிமை எதையும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை' என்ற பொருளில் தனி அறிவிப்பும் சேர்த்துக் கொடுத்தன. பாகப்பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது வக்கீல் சொல்லித்தரும் எச்சரிக்கை போன்றது இது. 2016 ஏப்ரல் 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில் உறுதிப் பத்திரமும் கொடுத்தவை 15 நாடுகள். பெரும்பாலும் சிறு தீவுகள். மாலத்தீவும் சோமாலியாவும் பாலஸ்தீனமும் அந்தப் பட்டியலில் உண்டு.

அடுத்த கட்டம் ஒரு வகுப்பறையில் தொடங்கியது. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் இருக்கிறது. 2019-ல் அங்கே படித்த 27 மாணவர்கள், பருவநிலை மாற்றத்தில் நாடுகளின் கடமை என்ன என்று உலக நீதிமன்றத்திடமே கேட்கவேண்டும் என்று கிளம்பினார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது வழக்குப் போட எதிராளியின் சம்மதம் வேண்டும். ஆனால் ஐ.நா. பொதுச்சபை வாக்களித்தால், ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்திடம் சட்ட விளக்கம் கேட்கலாம். அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. பலாவ் என்ற தீவு நாடு 2011-லேயே இந்த வழியை முயன்று பார்த்து, ஆதரவு கிடைக்காமல் விட்டிருந்தது. மாணவர்கள் பசிபிக் அரசுகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு பொறுப்பேற்றது. அமைச்சர் ரால்ஃப் ரெகென்வானு நாடு நாடாகப் பேசி ஆதரவு சேர்த்தார்.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் மூன்றே நாள் இடைவெளியில் இரண்டு கடும் புயல்கள் வனுவாட்டுவைத் தாக்கின. அதே மாதம் 29-ஆம் தேதி, 130-க்கும் மேற்பட்ட நாடுகள் முன்மொழிய, பொதுச்சபை அந்தத் தீர்மானத்தை எதிர்ப்பின்றி ஏற்றது. 2024 டிசம்பரில் இரண்டு வாரம் விசாரணை. 96 நாடுகள் பேசின. அந்த 27 பேரில் ஒருவரான சாலமன் தீவுகளின் சிந்தியா ஹௌனியூஹியும் நீதிபதிகளின் முன் நின்று பேசினார்.

நம் நாட்டின் நிலையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பணக்கார நாடுகளே முதல் பொறுப்பு என்பது இந்தியாவின் வாதம். அது தீவினரின் வாதமும்கூட. ஆனால் இருக்கும் ஒப்பந்தங்களுக்கு மேல் புதிய கடமைகளை உருவாக்கவேண்டாம் என்றும் இந்தியா நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. 2021 கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி நிமிடங்களில் நிலக்கரியை 'ஒழிப்பது' என்ற சொல்லைக் 'குறைப்பது' என்று மாற்றச் சொன்னதும் இந்தியாதான். ஃபிஜியும் மார்ஷல் தீவுகளும் அங்கேயே தங்கள் வருத்தத்தைச் சொன்னார்கள். மின்சாரமே எட்டாத வீடுகள் உள்ள நாடு நிலக்கரியை உடனே விடமுடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. கிழங்குக் குழிக்குள் உப்பு இறங்குவதும் நின்றுவிடாது. இரண்டையும் சேர்த்தே பேசத்தான் வேண்டும்.

2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. 1.5 டிகிரிதான் அளவுகோல். அந்தக் கடமையில் தவறும் நாடு, சர்வதேசச் சட்டப்படி தவறிழைத்ததாக ஆகலாம். எரிபொருள் எடுக்க உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூட அதில் அடங்கலாம். தவறுக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபித்தால், நஷ்ட ஈடு உட்படப் பரிகாரம் செய்யவேண்டி வரும். பாரிஸில் பூட்டிய கதவு வேறு பக்கமாகத் திறந்தது. இது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இனி உலகின் எந்த நீதிமன்றத்திலும் வக்கீல்கள் இதை எடுத்துக் காட்டலாம்.

பணம் வந்ததா? இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியை ஏற்படுத்த 2022-ல் எகிப்து மாநாட்டில்தான் ஒத்துக்கொண்டார்கள். வனுவாட்டு யோசனை வைத்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு துபாயில் ஐக்கிய அரபு அமீரகமும் ஜெர்மனியும் தலா 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. அமெரிக்கா சொன்னது 1.75 கோடி. எல்லாமே மனமுவந்து தருபவை. கட்டாயம் எதுவும் இல்லை. நாம் முதலில் பார்த்த கணக்கில், இது இன்னும் ஸதகா வரிசையில்தான் வருகிறது. அதே துபாய் மாநாட்டில், தீவு நாடுகளின் பிரதிநிதிகள் அரங்கத்துக்குள் வந்து சேருவதற்குள் இறுதி முடிவு ஏற்கப்பட்டதாகச் சுத்தியல் தட்டப்பட்டுவிட்டது. சமோவாவின் ஆன் ராஸ்முசென் எழுந்து, 'நாங்கள் அறையிலேயே இல்லை' என்று சொன்னபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முடிவு மட்டும் மாறவில்லை.

எப்படித் தப்பிப்பது என்பதில் தீவுத் தலைவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கிரிபாட்டியின் அதிபராக இருந்த அனோட்டே டோங், மானத்தோடு இடம்பெயரத் தயாராகவேண்டும் என்று சொல்லி, 2014-ல் ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கினார். அவருக்குப் பின் வந்த அதிபர், போவதைப் பற்றிப் பேசாமல் இருக்கும் மண்ணை உயர்த்துவோம் என்றார். துவாலு இரண்டையும் செய்கிறது. கடலை நிரப்பி நிலம் மேடாக்குகிறது. ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தமும் போட்டிருக்கிறது. அதன்படி ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் அங்கே குடியேறலாம். பதிலுக்கு, வேறு எந்த நாட்டோடும் பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்து 8,000-க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, நிலம் போனாலும் துவாலு என்ற நாடு என்றென்றும் நீடிக்கும் என்று அவர்கள் தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். நிலம் போனதாலேயே ஒரு நாடு இல்லாமல் போகவேண்டியதில்லை என்று ஹேக் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

துவாலுவில் பலர் இறந்தவர்களை வீட்டை ஒட்டியே அடக்கம் செய்கிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்த குடும்பத்தில் யார் போவது, பெரியவர்களோடு யார் இருப்பது, அந்தக் கல்லறைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு இப்போது அந்த வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.