வெளியை இழக்கும் வெளிமான்

வேளாங்கண்ணித் திருத்தலத்துக்கு நம்மில் பலர் ஆண்டுதோறும் செல்கிறோம். திருப்பலி கண்டு, மாதா குளத்தில் தண்ணீர் எடுத்து, கடலில் கால் நனைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து தெற்கே வேதாரணியம் வழியாகச் சென்றால், ஐம்பது கிலோமீட்டருக்குள் கோடியக்கரை வந்துவிடும். சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை அது. பாலை மரங்கள் அடர்ந்த காடும், உப்புச் சேறும், அவற்றிடையே பரந்த புல்வெளியும் உள்ள அவ்விடம் 1967-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வாழும் ஓர் அழகிய பிராணியைப் பற்றியும், அதன் வீட்டுக்குள் புகுந்த ஓர் அந்நிய மரத்தைப் பற்றியுமே இக்கட்டுரை.

பிராணி, வெளிமான். ஆண் மான் முதுகில் கருமையும் வயிற்றில் வெண்மையும் கொண்டது. திருகு திருகாக முறுக்கிய கொம்புடையது. பெண் மான் பழுப்பு நிறம். பெரும்பாலும் கொம்பு இராது. சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தைப் பாடும்போது ‘இரலை’ என்று குறிப்பது இதனைத்தான் என்பர். புல்வாய் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. பெயர்களைக் கவனியுங்கள். வெட்டவெளியில் வாழ்வதால் வெளிமான். புல்லை மேய்வதால் புல்வாய். நம் முன்னோர் இரண்டே சொற்களில் அதன் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிட்டனர்!

வெளிமானுக்கு ஒளிந்து கொள்ளத் தெரியாது. தூரத்தில் வரும் பகையைக் கண்ணால் கண்டு, துள்ளிப் பாய்ந்து ஓடித் தப்புவதே அதன் வழி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. ஆனால் ஓடுவதற்கு இடம் வேண்டுமல்லவா? முட்புதருக்குள் அக்கண்ணும் பயன்படாது, காலும் பயன்படாது. புதர் மறைவில் வரும் நரியைக் குட்டியின் தாய் காண்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இனி மரத்துக்கு வருவோம். சீமைக் கருவேலம், வேலிக்கருவை, வேலிகாத்தான் என்று ஊருக்கொரு பெயரால் அழைக்கப்படும் இதனை அறியாதார் நம்மில் இல்லை. நம் நாட்டுக் கருவேலம் வேறு, இது வேறு. இதன் தாயகம் மெக்சிகோவும் அதற்குத் தெற்கேயுள்ள நாடுகளும் ஆகும். தாது வருஷத்துப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலத்தில், 1876-இல், சென்னை மாகாண வனத்துறை அதிகாரியாயிருந்த பெட்டோம் என்பவர், வறண்ட நிலங்களில் நடுவதற்கு இம்மரத்தின் விதை தேவை என்று அரசுக்கு எழுதினார். மறு ஆண்டே ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டது. தீய எண்ணத்தோடு யாரும் இதனைக் கொண்டுவரவில்லை. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று நம்பினர். அந்த நம்பிக்கையும் பொய்க்கவில்லை.

பொய்த்தது, அது வேலியோடு நின்றுவிடும் என்ற எண்ணம்தான். இதன் இலையை ஆடு மாடு விரும்புவதில்லை. நெற்றோ இனிப்பு, அதைத் தேடித் தின்னும். விதையின் மேலோடு மிகக் கெட்டி. வயிற்றினுள் சென்றுவரும்போது அது சற்று இளகி, எருவோடு சேர்ந்து வெளியே விழுந்து, அடுத்த மழைக்கு முளைக்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் வெடிக்கும். தாயகத்தில் இதனைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பூச்சிகள் பல இதனோடு கப்பலேறி வரவில்லை. (காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுத்துவிடும் என்று சிலர் கூறுவதற்குச் சான்று கிடையாது. குற்றவாளியே ஆனாலும் செய்யாத குற்றத்தைச் சுமத்தலாகாது.)

கோடியக்கரைப் புல்வெளிக்குள்ளும் இம்மரம் புகுந்துவிட்டது. இதன் நெருங்கிய நிழலில் புல் நலிகிறது. புல் நலிந்த இடத்தை மான் விட்டு விலகுகிறது. மிச்சமுள்ள புல்லுக்கும் போட்டி உண்டு; மனிதர் கைவிட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே காட்டுக் குதிரைகளாகப் பெருகி அதையே மேய்கின்றன.

இதில் மனத்தை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. கோடையில் புல் காய்ந்து பசி வாட்டும்போது வெளிமானும் இந்த நெற்றைத் தின்கிறது. வெளிமானும் இம்மரமும் சேர்ந்திருக்கும் மற்றோர் இடம் குஜராத்திலுள்ள வேளாவதார் புல்வெளி. அங்கே ஆராய்ந்த அறிஞர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். ஆண் மான் ஒவ்வொன்றும் வெட்டவெளியில் தனக்கென ஓர் எல்லை வகுத்து, அதற்குள் குறித்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் புழுக்கை இடும். ஆகவே விதைகள் அங்கேதான் குவிகின்றன, அங்கேதான் முளைக்கின்றன. தனக்கு மிகவும் வேண்டிய திறந்த வெளியிலேயே, தன்னை விரட்டப்போகும் மரத்தை அந்த மான் அறியாமல் விதைத்துவிடுகிறது!

அப்படியானால் அடியோடு வெட்டி எறிய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் இம்மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி, அதில் வரும் கூலியால் அடுப்பு எரிக்கும் குடும்பங்கள் ஏராளம். மழை பொய்த்து வயல் கைவிட்ட ஆண்டுகளில் அவர்களைக் காத்தது இந்த முள்மரமே. அவர்களிடம் போய் இது நஞ்சு என்றால் நம்மை விநோதமாகப் பார்ப்பார்கள். எனவே எங்கிருந்து முதலில் அகற்றுவது என்பதே கேள்வி. வேறெங்கும் போக இயலாத உயிர்கள் வாழும் சரணாலயமே முதலிடம் பெற வேண்டும் என்பது என் கருத்து. வெளிமானுக்குத் தமிழ்நாட்டில் எஞ்சியுள்ள இடங்கள் கோடியக்கரை, கிண்டி, வல்லநாடு, மாயாற்றுப் பள்ளத்தாக்கு என்று விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு தனிக் கொள்கையே வகுத்தது. கோடியக்கரையிலும் வனத்துறையினர் இம்மரத்தைப் பகுதி பகுதியாக அகற்றி வந்துள்ளனர். மேலே வெட்டினால் போதாது. வேரோடு தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தில் மழை பெய்தால் புல் தலைகாட்டும். அதே மழைக்கு, புழுக்கைக் குவியலில் கிடந்த விதைகளும் தலைகாட்டும். ஆகையால் தோண்டியவர்கள் மறு ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது. விரற்கடை உயரத்தில் இருக்கும்போது கன்றை ஒரு சிறுமியே கையால் பிடுங்கிவிடலாம். சில ஆண்டுகள் கழிந்தால் கடப்பாறை வேண்டும்.