பேஸ்மேக்கர் இடம் பெயர்ந்தால்…

ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அடிக்கடி தலைசுற்றல். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாடி மிகக் குறைவு என்கிறார்கள். சில நாட்களில் மார்பில் பேஸ்மேக்கரோடு வீடு திரும்புகிறார்கள். நம்மவர் குடும்பங்களில் இது இப்போது சாதாரணமாகிவிட்டது. "வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை" என்று நாமும் இருந்துவிடுகிறோம். வைத்த கருவி நகரவும் கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

1958 அக்டோபரில் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலில் உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அந்தக் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. ஆனால் அடுத்தடுத்துப் பல கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்!

கருவியில் இரண்டு பாகங்கள் உண்டு. காறை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடப்பக்கம், தோலுக்கடியில் ஒரு பை போலச் செய்து வைக்கும் தட்டையான சிறு பெட்டி ஒன்று. அதிலிருந்து ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகும் ஒயர் மற்றொன்று. ஒயரின் நுனியில் சிறு கொக்கிகளோ, குட்டித் திருகாணியோ இருக்கும். இதயத்தின் உட்சுவரில் அது பிடித்துக்கொள்ள, நாளடைவில் சதை வளர்ந்து அதை இறுக்கிவிடும். அதுவரையுள்ள முதல் சில வாரங்கள்தான் கண்டம். கையை வேகமாக மேலே தூக்கினால் நுனி விலக வாய்ப்புண்டு.

எனவே, நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்தப் பக்கத்து முழங்கை தோளுக்கு மேலே போகக்கூடாது என்பார்கள். நம் வீட்டு வழக்கங்களை நினைத்துப் பாருங்கள்: கொடியில் துணி உலர்த்துவது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது, ரயிலில் அப்பர் பெர்த்துக்கு ஏறுவது. எல்லாமே கை தூக்கும் வேலைகள். தலைவாரிப் பின்னுவதை மருமகளிடம் விட்டுவிடலாம். அதற்காகக் கையை அசைக்காமல் கட்டிப்போட்டாலும் தோள் இறுகிப்போகும். சாப்பிடுவது, சட்டை மாட்டுவது போன்றவற்றுக்குத் தாராளமாக அசைக்கலாம்.

பெட்டியும் தன் பைக்குள் சரியலாம், புரளலாம். வயதாகித் தோல் தளர்ந்தவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் இது சற்று அதிகம். சிலர் தங்களையறியாமலே அதைத் தடவித் திருகிக்கொண்டிருப்பார்கள். பெட்டி சுழலச் சுழல, ராட்டினத்தில் நூல் சுற்றுவதுபோல் ஒயர் அதன்மேல் சுற்றிக்கொண்டு நுனி இதயத்தை விட்டே வெளியே வந்துவிடும். 1968-லேயே மருத்துவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மறதி நோயுள்ள பெரியவர்களை வீட்டார்தான் கவனிக்க வேண்டும்.

நகர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிவது? பழைய தலைசுற்றலும் மயக்கமும் திரும்பி வரும். கருவிக்குக் குறித்துவைத்த வேகத்தைவிட நாடி குறையும். அந்த எண்ணை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்புச் சதையோ வயிறோ தாளம் போட்டதுபோல் துள்ளலாம். இன்னொன்று, விடாத விக்கல். ஒயரின் மின்துடிப்பு உதரவிதானத்தையோ அதன் நரம்பையோ தூண்டுவதால் வருவது அது. "ஊரில் யாரோ நினைக்கிறார்கள்" என்று சர்க்கரை கொடுத்துக் காத்திருக்கக்கூடாது. துடிப்புக்குக் கருவியையே முழுக்க நம்பியிருப்பவருக்கு ஒயர் விலகுவது உயிருக்கே ஆபத்து. மயக்கம் வந்தால் பொழுது விடியட்டும் என்று இருக்காமல் உடனே புறப்பட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் முடிந்தவுடன் எடுத்த படத்தோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பழைய படத்தைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. சில சமயம் கருவியின் அமைப்பை வெளியிலிருந்தே மாற்றினால் போதும். இல்லாவிட்டால் ஒயரை மறுபடி பொருத்த வேண்டும். ஒயரே இல்லாமல் இதயத்துக்குள்ளேயே வைக்கும் குப்பி போன்ற கருவியும் இப்போது உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

காரில் முன்சீட்டில் டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால் பெல்ட் இடது தோள் மேல்தான் வரும். அதற்காகப் பெல்ட்டைத் தவிர்க்க வேண்டாம்; மடித்த சிறு துண்டை நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியின் அட்டையை மறக்காதீர்கள். ஒரு கம்பெனியின் கருவியை அந்தக் கம்பெனியின் இயந்திரத்தால்தான் சோதிக்க முடியும். மதுரையிலோ திருச்சியிலோ எந்த ஆஸ்பத்திரியில் அது இருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்து, அட்டையின் பின்புறம் குறித்துக்கொள்ளுங்கள்.